தரை இறங்கிச் சாய்ந்த செப்டிக் டாங்கைச் சீர்செய்தல்

வீட்டிற்குக் கக்கூஸ் கட்டி, அதற்கு ஒரு செப்டிக் டாங்கும் வைத்துவிட்டால் சுகாதார வேலை பூர்த்தியாகிவிட்டது என்று அங்கத்தினர்களிற் பலர் எண்ணுகின்றனர். பூமிக்கு மேலே உள்ள கட்டிடத்திற்கு வருஷந்தோறும் வெள்ளை அடிப்பவர்கள், பூமிக்குக் கீழே உள்ள டாங்கை நினைப்பதேயில்லை. அந்த டாங்கு ஒரு பக்கமாக இரண்டு அங்குலம் இறங்கிவிட்டால் விளையும் தொல்லை சிறிதன்று. அதற்கான காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கு எடுத்துரைப்போம்.

முதலில் டாங்கு வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். கக்கூஸிலிருந்து வரும் மலஜலம் உள்வாய் வழியாக டாங்கினுள் விழுகிறது. கனமான கசடு அடியில் தங்குகிறது. எண்ணெய்ப் பசையும் லேசான பொருள்களும் ஏடாக மேலே மிதக்கின்றன. நடுவில் உள்ள ஜலம் மாத்திரம் வெளிவாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகிறது. டாங்கின் ஜலமட்டத்தை நிர்ணயிப்பது வெளிவாயின் அடிமட்டமே. ஆகையால் உள்வாயின் அடிமட்டம் வெளிவாயைவிட 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர், உயரமாக இருக்கும்படி கட்டுவது முறை. இந்த இரண்டங்குலமே டாங்கிற்கு உயிர்நிலை.

உள்வாய்ப் பக்கம் இரண்டங்குலம் இறங்கினால் இவ்வித்தியாசம் அற்றுப்போகும். அதற்கு மேலும் இறங்கினால் குழாயிலேயே ஜலம் தேங்கி, மலம் படிந்து, முடிவில் கக்கூஸ் வழியே எதிர்த்துவரும். வெளிவாய்ப் பக்கம் இறங்கினாலோ, உறிஞ்சு குழிக்குப் போகும் குழாயின் சரிவு கெட்டு அங்கே ஜலம் நின்றுவிடும். எப்பக்கம் இறங்கினாலும் குழாய்ப் பூட்டு விரிசல் காணும். அதன் வழியே கசியும் ஜலம் அஸ்திவார மண்ணை இளக்குவதால் டாங்கு மேலும் இறங்கும். அருகில் குடிநீர்க் கிணறு இருப்பின் அதுவும் கெடும். உறிஞ்சு குழிக்கும் கிணற்றிற்கும் இடையே குறைந்தது 60 அடி, அதாவது 18 மீட்டர், தூரம் இருக்கவேண்டுமென்பது இதனாலேயே.

டாங்கு ஏன் இறங்குகிறது? கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கங்களைப் போன்ற கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடித்துச் சுருங்கும் தன்மையது. கொட்டி நிரப்பிய மண்ணைக் கெட்டிக்காமல் அதன்மேல் டாங்கு வைப்பது இன்னொரு காரணம். மேலே டிராக்டர் ஏறுவதும், உறிஞ்சு குழியை டாங்கை ஒட்டியே தோண்டுவதும் பிற காரணங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி ஜலம் உயர்ந்திருக்கையில் டாங்கை முழுதும் காலி செய்தால், லேசான பிளாஸ்டிக் டாங்கு இறங்குவதற்குப் பதிலாக மிதந்து மேலே எழும்புவதும் உண்டு.

கக்கூஸில் ஜலம் எதிர்த்த மாத்திரத்தில் டாங்கு சாய்ந்துவிட்டது என்று தீர்மானிக்கலாகாது. குழாயில் அடைப்பு இருக்கலாம், கசடு நிறைந்திருக்கலாம், உறிஞ்சு குழி உறிஞ்சும் சக்தியை இழந்திருக்கலாம். கசடு எடுத்து மூன்றாண்டு கடந்திருப்பின் முதலில் லாரியை வரவழைத்து அதை எடுக்கவும். எடுத்த சில நாட்களில், டாங்கு நிரம்பியதும் அதே தொல்லை திரும்பினால், உறிஞ்சு குழியின் மூடியைத் திறந்து தூர இருந்தே பார்க்கவும். அங்கே ஜலம் குழாய் வாய்வரை நின்றால் குற்றம் குழியினுடையது. குழி காலியாக இருந்தால் டாங்கின் மட்டத்தையும் குழாய்களின் சரிவையும் சோதிக்கவேண்டும்.

மட்டம் பார்ப்பது எளிது. டாங்கின் இரு முனைகளிலும் வெளிப்புறத்தில் மண்ணை வெட்டி, குழாய்களின் முதுகு தெரியும்படி செய்யவும். முப்பதடி நீளமுள்ள கண்ணாடி போன்ற ரப்பர்க் குழாயில் குமிழி இல்லாமல் ஜலம் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல இரு முனைகளிலும் ஜலமட்டத்தைக் குறித்து, அங்கிருந்து குழாய் முதுகுவரை அளக்கவும். இரண்டும் ஒரே பருமனுள்ள குழாய்களானால் இரு அளவுகளின் வித்தியாசமே உள்வாய் வெளிவாய் வித்தியாசம். சுவரில் விரிசல் தெரிந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் பதித்துத் தேதியை எழுதிவைக்கவும். ஒரு மழைக்காலம் கடந்தும் கண்ணாடி உடையாவிட்டால் இறக்கம் நின்றுவிட்டது எனலாம். உடைந்தால், காரணத்தை நீக்காமல் செய்யும் ரிப்பேர் வீண் செலவே.

பரிகாரம் இறக்கத்தின் அளவைப் பொறுத்தது. உள்வாய் இன்னும் ஓரங்குலமாவது உயர்ந்திருந்தால் டாங்கைத் தொடவேண்டாம். குழாய்களை மாத்திரம் எடுத்துச் சரிவாக மீண்டும் பதித்தால் போதும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி வீதம், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம், சரிவு கொடுக்கவும். உள்வாய்ப் பக்கம் அதிகம் இறங்கியிருப்பின், இறங்கிய அளவுக்கு வெளிவாயை வெளிப்புறத்திலிருந்தே வெட்டித் தாழ்த்தலாம். உறிஞ்சு குழியின் வாய் அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வெளிவாய்ப் பக்கம் இறங்கியிருப்பின், இறங்கிய அளவுக்கு வெளிவாயை உயர்த்தவும். எவ்விதமாயினும் பழைய இரண்டங்குலம் மீளவேண்டும். செங்கல் டாங்கை நெம்பித் தூக்க முயல்வது கூடாது, அது உடைந்துவிடும்.

பிளாஸ்டிக் டாங்கானால் கோடையில் காலி செய்து, வெளியே எடுத்து, அடியில் மண்ணைக் கெட்டித்து, மெல்லிய கான்கிரீட் தளம் போட்டு, ரசமட்டம் வைத்து இருத்தவும். சுற்றிலும் மணல் நிரப்புகையில் டாங்கினுள்ளும் அதே உயரத்திற்கு ஜலம் நிரப்பிக்கொண்டே வரவேண்டும். இல்லாவிடில் பக்கங்கள் நசுங்கும். பல இடங்களில் வெடித்து மேலும் இறங்கும் டாங்கை மண்ணால் மூடிவிட்டு, வேறு கெட்டியான இடத்தில் புதிது கட்டுவதே சிக்கனம்.

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியமானது. எவரும், எக்காரணத்தை முன்னிட்டும், டாங்கினுள் இறங்கக்கூடாது. பிறரை இறக்கவும் கூடாது. காலி செய்த டாங்கிலும் விஷவாயு தங்கியிருக்கும். இரண்டொரு மூச்சில் மயக்கம் உண்டாகும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் உடன் மடிவதை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். அருகில் தீக்குச்சி கொளுத்துவதும் அபாயம். கூலிக்கு ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்திற்கே இரண்டு வருஷம் வரை சிறைவாசமோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்திற்கு அஞ்சியன்று, ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாதிருக்கும் பொருட்டே இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

இவ்வேலையில் கூட்டுறவுக்கும் இடமுண்டு. தனித்தனியே லாரி அமர்த்துவதைவிட ஒரு தெருவார் சேர்ந்து ஒரே நாளில் அமர்த்தினால் கூலி பேசிக் குறைக்கலாம். மட்டக் குழாய் ஒன்றைச் சங்கம் வாங்கி அங்கத்தினர்களுக்கு முறையாகக் கொடுக்கலாம். யார் வீட்டு டாங்கு எப்பொழுது கட்டப்பட்டது, எப்பொழுது காலி செய்யப்பட்டது, எவ்வளவு இறங்கியுள்ளது என்று ஒரு புத்தகத்தில் பதிந்து வரலாம். உபவிதிகள் இடந்தருமாயின் ரிப்பேருக்குச் சிறுகடனும் வழங்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை யோசித்து முடிவு செய்வார்களாக.