மருந்தை வீட்டில் எங்கே வைத்திருக்கிறோம்?



காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையையும் மருந்து என்கிறோம், கத்திரிச் செடிக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். "மருந்து குடிச்சிட்டா" என்று யாராவது ஓடி வந்தால் மட்டும், எந்த மருந்து என்று கேட்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தை நம் குழுக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. நாடு முழுவதும் அந்த வருஷம் அப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் விஷத்தால் இறந்தவர். கிராமத்தில் அது பெரும்பாலும் வயலுக்கு வாங்கிய மருந்துதான்.

சாகணும்னு முடிவு எடுத்தவரை யார் தடுக்க முடியும் என்று நாம் சொல்வோம். அது சரியில்லை. பிழைத்து வந்த பலரிடம் விசாரித்ததில், அந்த எண்ணம் தலைக்கேறியதற்கும் கை நீட்டியதற்கும் நடுவில் சில நிமிஷம்தான் இருந்திருக்கிறது. பிழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆக, அந்தச் சில நிமிஷத்தில் கைக்கு எட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்பது உயிரையே தீர்மானித்துவிடுகிறது.

இதற்கு இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் அதுவும் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது வருஷத்தில் தற்கொலைச் சாவு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது. சுமார் 93,000 உயிர் தப்பியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தத் தடைகளால் விளைச்சல் குறைந்ததாகத் தெரியவில்லை. நம் தமிழக அரசும் 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளை 60 நாள் விற்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது.

"அப்படின்னா வீட்டிலேயே பூட்டி வெச்சுட்டா போச்சு" என்று தோன்றும். அதையும் இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களை எடுத்துச் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊரிலும் கொடுக்காத ஊரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வீட்டுச் சாவி எங்கே தொங்கும் என்று வீட்டில் யாருக்குத்தான் தெரியாது?

நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் சென்னை சினேகா அமைப்பினர் வேறு வழியில் போனார்கள். ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம், உள்ளே பேங்க் லாக்கர் மாதிரி பெட்டிகள். விவசாயிகள் மருந்தை அங்கேயே வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நடந்த தற்கொலையும் முயற்சியும் நன்றாகக் குறைந்தது. கூட்டமைப்புக் கட்டடம் இருக்கிற ஊரில் இதை நாமே யோசிக்கலாம். அது ஆகும்வரை, அன்றைக்கு அடிக்க வேண்டிய அளவு மட்டும் வாங்கச் சொல்லுங்கள். மிச்சம் வீட்டுக்கு வர வேண்டாம்.

மாத்திரையும் அப்படித்தான். சுகர், பிரஷர் மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது. பெரியவர்கள் ஒழுங்காகப் போடாமல் டப்பாவில் சேர்ந்து கிடக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால், ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? ஒரு காரணத்தால் யாரும் அந்த இடத்துக்குப் போவதில்லை. தீராத வயிற்றுவலி, வீட்டில் அடி உதை, பரீட்சையில் ஃபெயில், ஏற்கெனவே ஒருமுறை முயன்றது எல்லாம் சேர்கிறது. மேலே குடியும் சேர்ந்தால் யோசிக்கிற நிதானம் போய்விடுகிறது.

கடனும் உண்டு. இதில் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தவணை கட்டாத பெண்ணின் வாசலில் பத்துப் பேர் போய் உட்காருவது சில குழுக்களில் வழக்கமாகிவிட்டது. கட்டாயப்படுத்திக் கடன் வசூலிப்பதைத் தடுக்க தமிழக அரசு 2025-இல் சட்டமே கொண்டு வந்தது. சட்டம் இருக்கட்டும், நம் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவோம்: ஒருத்தி இரண்டு கூட்டம் வரவில்லை என்றால் ஊக்குநர் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், பணத்தைப் பற்றிப் பேசாமல்.

போனால் நேராகவே கேளுங்கள்: "சாகலாம்னு தோணுதா தாயி?" கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். அப்படி நடப்பதில்லை. கேட்க ஒரு ஆள் வந்ததே பலருக்குப் பாரம் இறங்கினது போல இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விட்டு வராதீர்கள்.

யாராவது எதையாவது குடித்துவிட்டால் உடனே 108. உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் ஊற்றக் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கூடவே எடுத்துப் போங்கள், டாக்டருக்கு வைத்தியம் பார்க்க அது வேண்டும். நல்லாத்தான் இருக்கா என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சில விஷம் உள்ளே ஈரலைக் கெடுப்பது நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். போலீஸ் கேஸ் ஆகுமே என்று மறைக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும், அது வழக்கம். ஆனால் முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இல்லை.

பேச ஆள் வேண்டுமென்றால் 104, அல்லது 14416. இரண்டுக்கும் காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. இந்த எண்களைக் குழுப் பாஸ்புக்கின் பின் அட்டையில் இந்த வாரக் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள்.