மணிக்கட்டில் கட்டிய எர்த்

சேரப்பணஞ்சேரியில் ஷிப்ட் பஸ் ஏறி எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு வேலைக்குப் போகிற அக்காவோ அண்ணனோ தெரிந்தவராக இருந்தால், ‘ரிஸ்ட் ஸ்ட்ராப்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். சர்க்யூட் போர்டைத் தொடுமுன் மணிக்கட்டில் கட்டும் பட்டை அது. அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் மேசை வழியாகப் பூமிக்குப் போகிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கியது முதல் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கையில் ஏறிய பட்டை.

எதற்கு அது? எண்ணெய் வைக்காத தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பை நாலு இழுப்பு இழுங்கள். முடியிலிருக்கும் எலெக்ட்ரான்களில் சில சீப்புக்குப் போய்விடும். எலெக்ட்ரான் கூடிய சீப்புக்கு எதிர் மின்னூட்டம்; இழந்த முடிக்கு நேர் மின்னூட்டம். மின்னூட்டம் புதிதாகப் பிறக்கவில்லை, இடம்தான் மாறியது. இப்போது சீப்பைக் காகிதத் துணுக்கருகே கொண்டுபோனால் துணுக்கு துள்ளி ஒட்டும். காகிதத்தில் மின்னூட்டம் ஏதும் கூடவில்லையே, பின் ஏன் ஒட்டுகிறது? சீப்பின் எதிர் மின்னூட்டம் காகிதத்தின் எலெக்ட்ரான்களைச் சற்றே அப்பால் தள்ள, சீப்பை ஒட்டிய பக்கம் நேர் மின்னூட்டம் மேலோங்குகிறது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிடும். ஏசி போட்ட உலர்ந்த ஆலைக் கூடத்தில் அப்படிச் சீக்கிரம் கசியாது. நடந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் சேரலாம். ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே என்றால் ‘சுரீர்’ என்றுகூட நமக்குத் தெரியாது. சர்க்யூட் போர்டில் இருக்கும் சில்லுக்கோ 100 வோல்ட்டே ஆபத்து. உள்ளே இருக்கும் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிப்பே உள்ளது, அது ஓட்டையாகிவிடும். சில சமயம் சில்லு உடனே சாகாமல், கடைக்குப் போன பிறகு பழுதாகும். அது இன்னும் மோசம்.

பட்டையின் ஒயரில் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. உடம்பில் சேரும் சொற்ப மின்னூட்டம் அதன் வழியே நொடிப்பொழுதில் இறங்கிவிடும். தப்பித்தவறி 230 வோல்ட் லைனில் கை பட்டாலும், பட்டை வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாயாது. வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த மின்தடை அது.

இதே மின்னூட்டத்தை வேண்டுமென்றே ஏற்றும் வேலையும் உண்டு. வண்டிகளின் இரும்புப் பாகங்களுக்குச் செய்யும் பவுடர் கோட்டிங்கில், துப்பாக்கியிலிருந்து வரும் வண்ணப்பொடி மின்னூட்டத்தோடு வருகிறது. தொங்கும் பாகம் எர்த் செய்யப்பட்டிருக்கும். ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் பொடி சீராகப் பரவும். இரும்பின் இழுப்பில் பின்பக்கத்துக்கும் வளைந்து போய் ஒட்டும். பிறகு ஏறத்தாழ 200 டிகிரி சூளையில் உருகிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டாமல் விழுந்த பொடியைச் சேகரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.