உங்களுக்குத் தெரியுமா? எடைக்குப் போடக் கூடாத புத்தகம்

● பிளஸ் டூ முடிந்ததும் கணினி அறிவியல் புத்தகத்தை எடைக்குப் போடுவதுதான் வழக்கம். காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய புதுச்சேரியின் திருக்கனூரில் சொல்லவே வேண்டாம்! ஆனால் 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல் வீட்டில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஃபங்ஷன்களை வைத்தே நிரலைக் கட்டும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் அரிச்சுவடி அதில் இருக்கிறது, தமிழிலேயே. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறும்வரை நம் பிள்ளைகள் படித்ததும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான்.

● அந்தப் புத்தகத்தில் பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தலைகாட்டும். முதல் பாடம் ஃபங்ஷன். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை வந்தால் அது பியூர்: சைன் 0 எத்தனை முறை கேட்டாலும் 0. ரேண்டம் அப்படியல்ல, கூப்பிடும்போதெல்லாம் வேறு எண் வரலாம், அது இம்பியூர். இது பிடிபட்டால் ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் பாதி வேலை முடிந்தது. தேர்வுக்கு வரும் கேள்வி என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறோம், அதுதான் வருத்தம்.

● இரண்டாம் பாடத்தில் ஒரு பின்னத்தைத் தொகுதி, பகுதி என இரண்டு எண்களால் கட்டி, பிறகு பிரித்தெடுத்துக் காட்டுவார்கள். அதே எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஏபெல்சனும் சஸ்மனும் 1985-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரடேஷன் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராம்ஸ்' நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. உலகம் முழுக்கக் கொண்டாடும் புத்தகம் அது. முழுவதும் இணையத்தில் இலவசம். 2022-ல் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பும் வந்துவிட்டது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான மார்ட்டின் ஹென்ஸ் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

● அந்த எம்.ஐ.டி. நூலில் வரும் கணக்குகள் மிரட்டினால் 'ஹவ் டு டிசைன் புரோகிராம்ஸ்' பக்கம் போங்கள். இதுவும் இலவசம். நான்கு ஆசிரியர்களில் ஒருவர் ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தி. என்னைக் கேட்டால், தனியாக உட்கார்ந்து படிப்பவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும்.

● சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் புதிய மாணவர்களுக்கு ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் புரோகிராமிங் சொல்லித் தருகிறார்கள். அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்.பி.டி.இ.எல். இணையத்தளத்தில் வீடியோவாக இருக்கிறது. பார்க்கக் காசில்லை, சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். கூடவே வைத்துக்கொள்ள ரிச்சர்ட் பேர்டின் 'திங்கிங் ஃபங்ஷனலி வித் ஹாஸ்கெல்' (2014) நல்ல துணை.

● பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ஓகேமல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 1996-ல் பிறந்த ஃபங்ஷனல் மொழி. அதற்கு பிரெஞ்சிலேயே நல்ல நூல்கள் உண்டு. ஆங்கிலம் போதும் என்றால் 'ரியல் வேர்ல்டு ஓகேமல்'. எழுதிய மூவரில் அனில் மாதவபெட்டியும் ஒருவர்.

● வாட்ஸ்அப் சர்வர் ஓடுவது எர்லாங் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியில். அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கே 'புரோகிராமிங் எர்லாங்' எழுதியிருக்கிறார்.

● பழைய புத்தகக் கடையில் வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள். எம்.ஐ.டி.க்காரர்களின் 1985 நூல் இன்றும் செல்லும். 2008-ல் வந்த 'ரியல் வேர்ல்டு ஹாஸ்கெல்' அப்படியில்லை. அதிலுள்ள பல நிரல்கள் இன்றைய கம்பைலரில் அப்படியே ஓடாது.