தூங்கிய பூதம் விழித்தது!

கன்னி ராசியில் ஓர் அதிசயம்

சித்திரை நட்சத்திரத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். கன்னி ராசியில் பளிச்சென்று மின்னுவது அதுதான்.

அதே ராசி இருக்கும் திசையில், வெறும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், ஒரு நட்சத்திர மண்டலம் இருக்கிறது. கோடி கோடியாய் நட்சத்திரங்கள் கூடிய மண்டலம். ஆனால் வானத்தில் அப்படி எத்தனையோ உண்டு. பத்தோடு பதினொன்றாக அதுவும் கிடந்தது. யாரும் அதைக் கவனித்ததில்லை.

2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அது திடீரென்று பிரகாசிக்கத் தொடங்கியது!

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், பாலோமர் மலை மீது ஒரு டெலஸ்கோப் இருக்கிறது. வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது அதன் வேலை. முன்பு மங்கலாய் இருந்தது இப்போது பிரகாசமாய் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணில்தான் இது பட்டது. விஞ்ஞானிகள் இதற்கு "ஆன்ஸ்கி" என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கருந்துளை என்றால் என்ன?

ஆன்ஸ்கியின் நடு மையத்தில் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. நம் சூரியனைப் போல 10 லட்சம் சூரியன்களைச் சேர்த்தால் எவ்வளவு எடையோ, ஏறக்குறைய அவ்வளவு எடை. அகலமோ சூரியனைப் போல நாலு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! அத்தனை எடையும் அந்தச் சிறிய இடத்தில் அடங்கிக் கிடப்பதால் அதன் இழுப்பு சக்தி பயங்கரமானது. உள்ளே போன ஒளி கூட வெளியே வர முடியாது.

ஒளியே வராது என்றால், பிரகாசம் எங்கிருந்து வந்தது?

ஏரி மதகில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கருந்துளைக்குள் விழப்போகும் வாயுவும் அப்படித்தான். நேரே விழாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒன்றோடு ஒன்று உரசுகிறது. உரச உரச உஷ்ணம் ஏறுகிறது. தட்டுப் போலச் சுழலும் அந்த வாயுதான் ஜொலிக்கிறது. கருந்துளைக்கு இரை கிடைத்தால் வெளிச்சம், இல்லாவிட்டால் இருட்டு.

இரை தின்னும் கருந்துளைகள் வானத்தில் ஏராளம். ஆனால் சும்மா கிடந்த ஒன்று தின்னத் தொடங்குவதை, அது தொடங்கும்போதே மனிதன் பார்ப்பது மிக மிக அபூர்வம்.

நட்சத்திரம் செத்ததா?

உடனே சந்தேகமும் எழுந்தது. ஏதோ ஒரு நட்சத்திரம் வழி தவறிக் கருந்துளைக்கு அருகே போய், நார் நாராய்க் கிழிந்து, அந்தச் சிதறல் எரிகிறதோ? அப்படி நடப்பதுண்டு. ஆனால் அந்த வெளிச்சம் சாதாரணமாய்ச் சில மாதங்களில் அணைந்து விடும். ஆன்ஸ்கியோ நாலு ஆண்டுக்கு மேலாகியும் அணையவில்லை!

ஐரோப்பிய வான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பவுலா சாஞ்செஸ் சாயெஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2024 ஜூன் மாதம் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். "கருந்துளை விழித்துக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்" என்பது அதன் சாரம். ஆனாலும் அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. மிக மெதுவாக நடக்கும் நட்சத்திரச் சாவாகவும் இருக்கலாம், அல்லது இதுவரை கண்டிராத புது விஷயமாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டே பேசினார்கள். அவசரப்படாதது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அதற்குள் வேறொரு வேடிக்கை ஆரம்பமாகி விட்டது!

நாலரை நாளுக்கு ஒரு தடவை

2024 பிப்ரவரி முதல் ஆன்ஸ்கியிலிருந்து எக்ஸ்ரே கதிர்கள் வரத் தொடங்கின. அதுவும் சீராக வரவில்லை. குப்பென்று எழும்பும், அடங்கும். மறுபடி குப்பென்று எழும்பும். சுமார் நாலரை நாளுக்கு ஒரு தடவை!

சிலி நாட்டின் வால்பரைசோ சர்வகலாசாலையைச் சேர்ந்த லொரேனா எர்னாண்டஸ் கார்சியா அம்மையாரின் குழு, ஆகாயத்தில் சுற்றும் எக்ஸ்ரே டெலஸ்கோப்புகளைக் கொண்டு இதை அளந்தது. இப்படி விட்டு விட்டுக் குமுறும் கருந்துளையைப் பற்றி உலகம் முதன்முதலாக அறிந்தது 2019-ல்தான். அந்தக் கருந்துளை 9 மணிக்கு ஒரு தடவை குமுறியது. ஆன்ஸ்கி குமுறுவதோ மற்றவற்றை விடப் பல மடங்கு நீளம்; பல மடங்கு உக்கிரம்.

குமுறும் இடம் எவ்வளவு பெரியது? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

தேர் இழுக்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் நீளமானால், முன்னால் இருப்பவர் "நிறுத்து" என்று கூவுவது பின்னால் இருப்பவருக்கு எட்ட நேரமாகும். எல்லோரும் சட்டென்று நின்றால், வடம் குட்டை என்று அர்த்தம். இங்கே ஒளிதான் தூதன். அதை விட வேகமாய் எந்தச் செய்தியும் போகாது. நாலரை நாளுக்குள் ஓர் இடம் பிரகாசித்து அடங்கினால், ஒளி நாலரை நாளில் போகும் தூரத்தை விட அந்த இடம் பெரிதாக இருக்க முடியாது. ஒரு நட்சத்திர மண்டலத்தைக் கடக்க ஒளிக்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டுமே! ஆகவே குமுறுவது மண்டலம் அல்ல. நடுவே உள்ள ஒரு துளி இடம்.

1963-ல் ஹார்லன் ஸ்மித்தும் டோரிட் ஹாஃப்லைட் அம்மையாரும் இதே வழியில்தான் சென்றார்கள். ஹார்வர்டில் சேர்த்து வைத்திருந்த பழைய படத் தகடுகளைப் புரட்டி, "3சி 273" என்ற விந்தைப் பொருளின் வெளிச்சம் கூடிக் குறைவதைக் கண்டார்கள். பழைய படங்களைத் தூக்கி எறியாத புண்ணியவான்கள் வாழ்க!

ஆன்ஸ்கி ஏன் குமுறுகிறது? சுழலும் வாயுத் தட்டை ஏதோ ஒரு சிறு பொருள் திரும்பத் திரும்பத் துளைத்துக்கொண்டு போகிறது போலும் என்கிறார்கள். அது நட்சத்திரமா, வேறு எதுவுமா என்பது முடிவாகவில்லை.

நமக்கு ஆபத்தா?

ஆன்ஸ்கியால் இல்லை. அது 30 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டபோது பூமியில் டைனோசார்கள் கூடத் தோன்றவில்லை!

ஆனால் நம் பால்வீதியின் நடுவிலும் ஒரு கருந்துளை தூங்குகிறது. தனுசு ராசியின் திசையில், சுமார் 27 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தில். அதன் எடை 40 லட்சம் சூரியன்கள். அதுவும் ஒரு நாள் விழிக்குமா? விழிக்கலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார்கள்.

2019 மே மாதம் ஓர் இரவு, ஹவாய்த் தீவில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது 75 மடங்கு பிரகாசித்தது. சில மணி நேரத்தில் பழையபடி மங்கிவிட்டது.