தரவினம் பொருந்தாச் செயலுருபுகள்

ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்து முடிக்கும் கட்டளைத் தொகுதி செயற்கூறு எனப்படும். அதனை அழைக்கும்போது அனுப்பப்படும் மதிப்பு செயலுருபு ஆகும். செயற்கூறு எதிர்பார்க்கும் தரவினம் ஒன்றாகவும், வந்துசேரும் மதிப்பின் தரவினம் வேறாகவும் இருப்பது தரவினப் பொருந்தாமை ஆகும்.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட பிஎச்பி மொழி, இப்பொருந்தாமையை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டது. முழு எண் வேண்டிய இடத்தில் "25" என்னும் சரம் வந்தால், அதனை எண்ணாகத் தானே மாற்றிக்கொண்டது. இணையப் படிவத்தில் நிரப்பப்படும் எண்களும் சரங்களாகவே வந்துசேர்வதால், இவ்வியல்பு நிரலர்க்கு எளிமை தந்தது. எனினும், அவ்வெளிமை சில இடங்களில் தீங்காகவும் முடிந்தது.

சான்றாக, ‘ஸ்ட்ர்கம்ப்’ என்னும் செயற்கூறு இரு சரங்களை ஒப்பிட்டு, அவை சமமெனில் 0 என்னும் விடையைத் தரும். ஒரு நிரல், பயனர் அளித்த கடவுச்சொல்லை இதனால் ஒப்பிட்டு, விடை ‘== 0’ எனில் அவரை அனுமதிப்பதாகக் கொள்வோம். படிவப் புலத்தின் பெயரோடு [] என்னும் குறியைச் சேர்த்து ஒருவர் அனுப்பினால், சரத்திற்கு மாறாக அணி வந்துசேரும். பிஎச்பி 7 பதிப்பு அப்போது ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுப்பி, வெற்று மதிப்பை விடையாகத் தந்தது. ‘==’ ஒப்பீட்டில் வெற்று மதிப்பும் 0உம் சமம். ஆகவே, கடவுச்சொல் அறியாதவரும் உள்ளே நுழைய வழி ஏற்பட்டது. 2020இல் வெளிவந்த பிஎச்பி 8, இவ்வழைப்பை ஏற்காது ‘டைப்எரர்’ என்னும் பிழையை எழுப்புகிறது.

இத்தகைய பொருந்தாமையைப் பின்வருமாறு கையாளலாம்:

1. வெளியிலிருந்து வரும் மதிப்பின் தரவினத்தை முதலில் சோதித்தல் வேண்டும். எண் தேவையெனில், சரம் முறையான எண்ணைக் குறிக்கிறதா எனச் சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.

2. அளபுருக்களின் தரவினத்தை அறிவித்தல் வேண்டும். முழு எண், சரம் முதலியவற்றை இவ்வாறு அறிவிக்கும் வசதி 2015இல் பிஎச்பி 7 உடன் வந்தது. கோப்பின் தொடக்கத்தில் ‘ஸ்டிரிக்ட் டைப்ஸ்’ அறிவிப்பை இட்டால், அக்கோப்பிலிருந்து செல்லும் அழைப்புகளில் தானியங்கு மாற்றம் நிகழாது. முழு எண்ணைத் தசம எண்ணாக ஏற்பது மட்டும் விலக்கு.

3. தரவினத்தையும் சேர்த்து ஒப்பிடும் ‘===’ செயற்குறியைப் பயன்படுத்துதல் வேண்டும்.

4. எழும் பிழையைக் ‘கேட்ச்’ தொகுதியில் பெற்று, பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ‘டைப்எரர்’ என்பது ‘எரர்’ வகையைச் சார்ந்தது. ‘எக்செப்ஷன்’ வகையை மட்டும் பெறும் தொகுதியில் அது அகப்படாது.

பிழை எழுந்து நிரல் நின்றால், தவறு நேர்ந்த இடம் உடனே புலப்படும். பொருந்தா மதிப்பை ஏற்றுத் தொடரும் நிரலிலோ, தவறு வேறோரிடத்தில் இழப்பாக வெளிப்படும் வரை மறைந்தே இருக்கும்.