ஒரே படகில் போன அண்ணன் தம்பி

டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பெண்கள் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றி அழுவார்கள். 2004இல் அந்த ஒரு காலையில் வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். நோய் பரவும் என்ற அச்சத்தில் உடல்களை அவசரமாகப் புதைத்தார்கள். முகம் பார்த்து அழ ஆள் இருந்த உடலுக்குப் பெயர் இருந்தது.

அதே அலை இலங்கையின் கல்முனையில் ஒதுக்கிய கைக்குழந்தைக்கு, மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்த பெயர் வெறும் எண்: 81. குழந்தை யாருடையது என்ற வழக்கு நீதிமன்றம் போய், மரபணுச் சோதனை நடந்து, 2005 பிப்ரவரியில் அந்தக் குழந்தை பெற்றோரிடம் சேர்ந்தது.

இந்தச் சோதனைக்குச் சிறிது ரத்தமோ எச்சிலோ போதும். ரத்தத்தின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. வெள்ளையணுவிலிருந்துதான் டிஎன்ஏ எடுக்கிறார்கள். ஊதா மூடி போட்ட குழாயில் உள்ள இடிடிஏ ரத்தத்தை உறையவிடாது. ஹெப்பாரின் குழாயில் பிடித்தாலும் உறையாதுதான். ஆனால் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலையை ஹெப்பாரின் கெடுத்துவிடும். ஊசி வேண்டாமென்றால், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுக்கலாம். அதற்கு அரை மணி நேரம் முன்பே டீ, வெற்றிலை, புகையிலை எல்லாம் நிறுத்திவிட வேண்டும். பால்குடிக் குழந்தையின் வாயில் தாயின் செல்களும் கலந்திருக்கும் என்பதால், பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்தே எடுக்க வேண்டும். குச்சியை நிழலில் உலரவிட்டுக் காகித உறையில் போடுவார்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கடற்கரைப் புழுக்கத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஆனால் மாதிரியை எப்படி எடுப்பது என்பதைவிட, யாரிடம் எடுப்பது என்பதே மீனவர் குடும்பங்களுக்குப் பெரிய கேள்வி. 2017இல் ஒக்கி புயலுக்குப் பின் கேரளக் கரையில் மீட்கப்பட்ட, உருத்தெரியாத உடல்களை உறவினர் மாதிரிகளோடு ஒப்பிட்டே அடையாளம் கண்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை என்று வையுங்கள். ஓர் உடல் கிடைக்கிறது. தாய் தகப்பன் மாதிரி, இது இவர்கள் பெற்ற பிள்ளை என்று சொல்லும். எந்தப் பிள்ளை என்று சொல்லாது. தகப்பன்வழி வரும் ஒய் குரோமோசோமும், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் இருவருக்கும் ஒன்றே. அங்கே அவரவர் மனைவியும் பிள்ளைகளும் தரும் மாதிரிதான் வழக்கைத் தீர்க்கும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊர்களில் உறவுக்குள் மரபணுப் பொருத்தம் கூடுதல். தூரத்துச் சொந்தத்தின் மாதிரி அங்கே குழப்பத்தைத்தான் தரும்.

கல்யாணமாகாத பையனென்றால்? அவன் பல் துலக்கிய பிரஷ், சவரம் செய்த பிளேடு, சீப்பில் வேரோடு ஒட்டிய முடி ஆகியவை அவனுடைய டிஎன்ஏவையே தரும்.

பேரிடரில் பெயர் தெரியாத எந்த உடலையும், ஒரு பல்லோ எலும்புத் துண்டோ எடுத்து, எண்ணிட்டு வைக்காமல் அரசு புதைக்கக் கூடாது. கடலுக்குப் போனவர் திரும்பவில்லையென்றால், அவருடைய பிரஷையும் சீப்பையும் வீட்டார் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கழுவாமல், தனித்தனிக் காகித உறையில் பெயரெழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.