சவ்வரிசி என்னும் இறக்குமதி: காஞ்சிப் பகுதியிலிருந்து மரவள்ளி வணிகத்தை நோக்குதல்

முன்னுரை

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிப்பாசன நிலம். தென்னேரியும் உத்திரமேரூர் ஏரியும் நெல்லுக்கு உரியவை. நீர் தேங்கும் மண்ணில் மரவள்ளிக் கிழங்கு அழுகிவிடும். வடிகால் நன்கமைந்த செம்மண்ணே அதற்கு ஏற்றது. ஆயினும் பண்டிகைப் பாயசத்திலும் கோடைக்கால வடாத்திலும் இக்கிழங்கின் மாவு சவ்வரிசி வடிவில் இவ்வூர் வீடுகளில் நிலைபெற்றுள்ளது. பட்டுப் பாவைத் தெருவில் நீட்டி அரிசிக் கஞ்சி தடவி உலர்த்தும் இவ்வூரில் கஞ்சிப்பசையின் பயனை விளக்க வேண்டுவதில்லை. பருத்தி ஆலைகளில் அப்பணியைப் பெருமளவு செய்தவை மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவுமே. விளையாத ஊரில் இத்துணை பழகிப்போன இப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

சொல் காட்டும் வழி

சவ்வரிசி என்னும் பெயரிலேயே இறக்குமதியின் தடம் உள்ளது. 'சாகு' என்பது மலாய்ச் சொல். அது மலாய்த் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையையும் அதன் தண்டின் உட்சோற்றிலிருந்து எடுக்கும் மாவையும் குறிக்கும். அம்மாவை மணிகளாக உருட்டி விற்றதால் தமிழர் அதனை அரிசியாகக் கண்டனர். பின்னாளில் பினாங்கு, சிங்கப்பூர், சாவகம் ஆகிய இடங்களில் மரவள்ளி மாவாலும் அதே மணிகள் செய்யப்பட்டுக் கப்பலேறின. பனை போய்க் கிழங்கு வந்தபோதும் பெயர் மாறவில்லை. இன்று நாம் உண்ணும் சவ்வரிசிக்கும் சாகுப்பனைக்கும் தொடர்பு ஏதுமில்லை.

மரவள்ளிச் செடியும் வந்ததே. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இதனைப் போர்த்துக்கீசியர் மலபாருக்குக் கொணர்ந்தனர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். கேரளத்தில் அது வேகவைத்து உண்ணும் உணவாயிற்று. தமிழகத்திலோ, குறிப்பாகச் சேலத்தில், ஆலைக்குரிய மூலப்பொருளாயிற்று.

கிழங்காக ஏன் வருவதில்லை?

இவ்வணிகத்தின் போக்கை உணரக் கிழங்கின் இயல்பை அறிதல் வேண்டும். தோண்டிய இரண்டு மூன்று நாள்களில் மரவள்ளியின் உட்சதை நீலங்கலந்த கருமை படரக் கெடத் தொடங்கும். உருளைக்கிழங்கைப் போலக் கிடங்கில் வைத்து விலை வரும்வரை காத்திருத்தல் இயலாது. எனவே கடல் கடப்பவை பெரும்பாலும் உலர்ந்த சீவல், மாவு, மணி ஆகியவையே. பச்சைக்கிழங்கின் சந்தை லாரி சென்றுசேரும் தொலைவோடு முடிந்துவிடும். உழவர் பேரம்பேசும் வலுவை இழப்பதும் இதனாலேயே. சேலம், நாமக்கல் பகுதிகளில் கிழங்கின் விலை எடையால் மட்டும் அமைவதன்று. மாவுச்சத்தின் அளவாகிய 'பாயிண்ட்' கணக்கால் அமைகின்றது. பாயிண்டை அளப்பது ஆலை. காத்திருக்க இயலாதவர் உழவர்.

இறக்குமதி அறுந்த ஆண்டுகள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் சாவகமும் வீழ்ந்தது. சவ்வரிசியும் மரவள்ளி மாவும் வந்த கடல்வழி அடைபட்டது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்து சேலத்தில் தங்கிய போபட்லால் ஷாவின் தொழிலறிவைத் துணைகொண்டு 1943இல் இங்கேயே உற்பத்தியைத் தொடங்கினார் எனச் சேலம் சவ்வரிசித் தொழிலின் வரலாறு கூறுகின்றது. பொருளின் வரவு நின்றபோது அதனைச் செய்யும் அறிவு அதே துறைமுகத்திலிருந்து வந்தது நோக்கத்தக்கது. கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, வடித்து, தெளியவைத்து, படிந்த ஈரமாவை மணியாக உருட்டி, சூட்டில் வறுத்து உலர்த்தும் அம்முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

போர் முடிந்து கப்பல்கள் மீண்டபோது இளந்தொழில் வெளிநாட்டுச் சரக்கோடு மோதவேண்டியதாயிற்று. 1950களில் சுங்கவரிப் பாதுகாப்புப் பெற்ற இந்தியத் தொழில்களின் வரிசையில் சவ்வரிசியும் இடம்பெற்றது. 1981இல் பதிவான 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவு நிறுவனம் ஆலைகளின் சரக்கைக் கிடங்கில் வைத்து, ஈட்டின்பேரில் முன்பணம் தந்து, ஏலத்தில் விற்கும் முறையை ஏற்படுத்தியது. காஞ்சியின் மளிகைக் கடைகளுக்குக் கடல்வழி வந்த பொருள் இவ்வாறு சேலத்திலிருந்து தரைவழி வரும் பொருளாயிற்று. அதன் பெருஞ்சந்தையோ விரதகாலங்களில் 'சாபுதானா' உண்ணும் மகாராட்டிரமும் வடமாநிலங்களும் ஆகும்.

இக்காலப் போக்கு

உலக அளவில் மரவள்ளி இறக்குமதி பிறநாட்டுக் கொள்கைகளுக்கேற்ப ஏறி இறங்கியுள்ளது. ஐரோப்பா 1970களில் தாய்லாந்துச் சீவலைக் கால்நடைத் தீவனமாக வாங்கிக் குவித்தது. 1982இல் அதற்கு வரம்பு விதித்தது. 1992இன் வேளாண் சீர்திருத்தத்தால் ஐரோப்பியத் தானிய விலை குறைந்தபின் அச்சந்தை சுருங்கியது. பின்னர்ச் சீனம் முதன்மைக் கொள்முதலாளராயிற்று. தாய்லாந்தும் வியட்நாமும் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் மாவின் விலை, சேலத்து மாவின் விலைக்கும் ஒரு மேல்வரம்பாகின்றது.

செடியோடு பூச்சியும் எல்லை கடந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் தமிழக வயல்களைத் தாக்கியது. அதனைக் கட்டுப்படுத்தும் 'அனகைரஸ் லோபசி' என்னும் ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021இல் வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் பெருக்கப்பட்டு, 2022இல் சேலம் பகுதியில் விடப்பட்டது. இத்தொழிலுக்கு வந்த இறக்குமதிகளுள் உழவருக்கு நேரடியாகப் பயன்பட்டது இதுவே எனலாம்.

அவர்தம் தீராத குறை, மரவள்ளி மாவில் மலிவான மக்காச்சோள மாவைக் கலப்பதாகும். கலப்படம் மிகும்போது ஆலைக்குக் கிழங்கின் தேவை குறைகின்றது. பாயிண்டின் விலை சரிகின்றது. நட்டவர் பத்து மாதம் காத்து அறுவடை செய்த கிழங்கை வந்த விலைக்குக் கொடுக்கின்றார். 2023இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். கலப்பைக் கண்டறிவது ஆய்வகத்தின் பணி. நுண்ணோக்கியில் மக்காச்சோள மாவின் துகள்கள் பலகோணமாகவும், மரவள்ளித் துகள்கள் ஒருபுறம் வெட்டுண்ட உருண்டையாகவும் தோன்றும். ஆனால் மணியை வறுக்கையில் மேற்பரப்புத் துகள்கள் வெந்து உருக்குலைவதால், வறுப்பதற்கு முந்தைய ஈரமாவு நிலையில், ஆலையின் படிவுத்தொட்டியிலேயே சோதனை செய்வது தெளிவான முடிவைத் தரும்.